மூடி வைத்த ஆசிரியர் அறை

ஆகஸ்ட் 20

சாருக்கு,

பள்ளியில் எல்லோரும் கூப்பிடுவது போலவே நானும் கூப்பிடுகிறேன். கோபமாக இருக்கும் கணவருக்கு எப்படிக் கடிதம் தொடங்குவது என்று தெரியவில்லை. நீங்கள் போனை எடுப்பதில்லை. உங்கள் அக்காவைக் கூப்பிட்டால் "குளிச்சிட்டிருக்கான்" என்கிறார். காலையிலும் குளியல், மாலையிலும் குளியல் என்றால் அந்த வீட்டுத் தண்ணீர்த் தொட்டி என்ன ஆவது?

உங்களைக் கேட்காமல் பெட்டி கட்டியதும், காரில் ஏற்றி அக்கா வீட்டில் இறக்கிவிட்டதும், உங்கள் இயற்பியல் வகுப்புகளைக் கணக்கு சாருக்கு மாற்றிக் கொடுத்ததும் நான்தான். மறுக்கவில்லை. கேட்டிருந்தால் நீங்கள் சம்மதித்திருக்க மாட்டீர்கள். உங்கள் உடம்பில் இருப்பது அக்கா கொடுத்த சிறுநீரகம். அதை உடம்பு தள்ளிவிடாமல் இருக்க நீங்கள் விழுங்கும் மாத்திரை, நோயை எதிர்க்கும் சக்தியையும் சேர்த்து அடக்கிவிடுகிறது. "இவருக்கு இப்ப ஊரெல்லாம் பரவுற இந்தத் தொற்று வந்தா நான் எதையும் உறுதியா சொல்ல முடியாது" என்று டாக்டர் சொன்னபோது நீங்கள் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். நான் டாக்டரின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். தடுப்பூசி எப்போது வரும் என்று யாருக்கும் தெரியவில்லை.

பள்ளிக்கூடம் செப்டம்பர் முதல் திங்கட்கிழமை திறக்கிறது. சின்ன வகுப்புகள், பெரிய வகுப்புகள் எல்லாமே. ஒருநாள் பாதிப் பிள்ளைகள், மறுநாள் மீதிப் பாதி. திறக்க வேண்டாம் என்று சொல்லிவிடலாம்தான். ஆனால் எட்டாம் வகுப்பில் முதல் வரிசையில் உட்கார்வானே ஒருவன், அவன் காய்கறிக் கடையில் தராசு பிடித்துக்கொண்டு நிற்கிறான். என்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டான். மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் சிலருக்குத் தங்கள் பெயரை எழுதவே மறந்துவிட்டது. இன்னும் ஒரு வருடம் கதவைச் சாத்தி வைத்தால் பாதிப் பேர் திரும்பி வரமாட்டார்கள்.

திறக்கத்தான் வேண்டும். நீங்கள் அங்கே இருக்கத்தான் வேண்டும். இரண்டையும் ஒரே மூச்சில் சொல்கிறேன் என்று திட்டுவீர்கள். திட்டி எழுதுங்கள். எழுதாமல் மட்டும் இருக்க வேண்டாம்.


ஆகஸ்ட் 25

மேன்மை தங்கிய தலைமை ஆசிரியை அவர்களுக்கு,

பார்சல் பத்திரமாக வந்து சேர்ந்தது. உடையவில்லை, நசுங்கவில்லை. அக்கா பார்சலை மாடி அறையில் வைத்துக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு காவல் காக்கிறாள். தும்மினால் கீழேயிருந்து "என்ன சத்தம்?" என்கிறாள். தான் கொடுத்த பொருள் நல்லபடியாக வேலை செய்கிறதா என்று தினமும் விசாரிக்கிறாள்.

போதும் கிண்டல். ஒரு கேள்வி கேட்கிறேன், தலைமை ஆசிரியையாகப் பதில் சொல். பள்ளி பாதுகாப்பானது என்றால் எனக்கும் பாதுகாப்பானதுதான். எனக்குப் பாதுகாப்பில்லை என்றால் வீட்டில் என்னைப் போல ஓர் ஆளை வைத்துக்கொண்டு பள்ளிக்கு வரும் பிள்ளைகளின் கதி என்ன? அவர்கள் வீட்டு நோயாளியை எந்தக் காரில் ஏற்றி எந்த அக்கா வீட்டில் இறக்குவாய்? ஊருக்கெல்லாம் கதவைத் திறந்துவிட்டு உன் வீட்டு ஆளை மட்டும் பூட்டி வைத்திருக்கிறாய். பெற்றோர்கள் கேட்டால் என்ன சொல்வாய்?

நீ அனுப்பி வைத்தது எனக்கு வலிக்கவில்லை. கேட்காமல் அனுப்பினாய், அதுதான் வலிக்கிறது. பத்து வயதுப் பையனிடம்கூட "டூர் வர்றியா?" என்று கேட்டுத்தான் கையெழுத்து வாங்குவோம்.

திறப்பது என்று முடிவாகிவிட்டதால் ஒன்றிரண்டு சொல்கிறேன். வாத்தியார் புத்தி, சும்மா இருக்கவிடாது. வகுப்பறை ஜன்னல்கள் பெயிண்ட் அடித்தபோதே ஒட்டிக்கொண்டவை. தச்சரைக் கூப்பிட்டுத் திறக்க வை. திறக்காவிட்டால் ஜன்னல் கதவையே கழற்றி எறி. காற்று ஓட வேண்டும், மற்றதெல்லாம் அதற்குப் பிறகுதான். அடுத்தது, ஆசிரியர் ஒருவர்கூடப் பிள்ளைகள் கண் முன்னால் முகக்கவசத்தைக் கழற்றக் கூடாது. தண்ணீர் குடிக்கக்கூடக் கழற்றக் கூடாது. நாம் ஒருமுறை கழற்றினால் மறுநாள் அத்தனை பேரும் கழற்றிவிடுவார்கள். இதில் மட்டும் ஈவிரக்கம் பார்க்காதே.

இப்படிக்கு,
தங்கள் பள்ளியின் முன்னாள் இயற்பியல் ஆசிரியர்


செப்டம்பர் 9

சாருக்கு,

திறந்துவிட்டோம்.

ஜன்னல்களைத் தச்சர் உளியால் நெம்பித் திறந்தார். மேல்மாடியில் இரண்டு ஜன்னல்கள் அசையவே இல்லை, நீங்கள் சொன்னபடி கழற்றிவிட்டோம். வகுப்பறைக்குள் இவ்வளவு வெளிச்சம் வரும் என்று எனக்கே தெரியாது. காகிதங்கள்தான் பறக்கின்றன, ஆளுக்கொரு கல் வைத்துக்கொண்டு எழுதுகிறார்கள்.

பெஞ்சுக்கு ஒருவர். வகுப்புக்கு ஒரு வாசல். மைதானத்தில் சுண்ணாம்பால் வட்டம் போட்டிருக்கிறோம், மணி அடித்ததும் அவரவர் வட்டத்துக்குள் போய் நிற்க வேண்டும். ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு அது விளையாட்டு. பக்கத்து வட்டத்தில் இருப்பவள் முகக்கவசத்தில் பூனைப் படம் இருக்கிறது என்று ஒருத்தி கேட்க, இருவரும் மாற்றிப் போட்டுக்கொண்டு வந்து நின்றார்கள். திட்டவும் முடியவில்லை, சிரிக்கவும் முடியவில்லை.

ஆசிரியர்களுக்குச் சுற்றறிக்கை அனுப்பிவிட்டேன். உங்கள் வார்த்தையை அப்படியே போட்டேன்: பிள்ளைகள் பார்க்கும் இடத்தில் யாரும் முகக்கவசத்தைக் கழற்றக் கூடாது. எல்லோரும் சொன்னதற்கு மேலேயே கேட்கிறார்கள். கணக்கு சார் ஒன்பதாம் வகுப்புக்கு உங்கள் ஒளி விலகல் பாடத்தை எடுத்தார். "பிசிக்ஸ் சார் மாதிரி வராது" என்று பிள்ளைகள் முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டார்களாம். மனிதர் சிரித்துக்கொண்டே வந்து என்னிடம் புகார் செய்தார்.

ஐந்தாம் வகுப்பில் ஆம்புலன்ஸ் டிரைவரின் மகள் இருக்கிறாள். முதல் நாள் அவள் பக்கத்தில் எந்தப் பிள்ளையும் நிற்கவில்லை. வீட்டில் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். நான் போய் அவள் வட்டத்துக்கு அடுத்த வட்டத்தில் நின்றேன்.

உங்கள் கேள்விக்கு வருகிறேன். பாதுகாப்பு என்று நான் யாரிடமும் சொல்லவில்லை. ஆபத்தைக் குறைத்திருக்கிறோம், அவ்வளவுதான். குறைத்தது மற்றவர்களுக்குப் போதும் என்று நினைக்க முடிகிறது. உங்களுக்குப் போதும் என்று நினைக்க முடியவில்லை. இது நியாயமில்லை என்று எனக்குத் தெரியும்.


செப்டம்பர் 14

பெரிய டீச்சருக்கு,

உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். ஒளி விலகல் என் பாடம். கண்ணாடி டம்ளரில் தண்ணீர் ஊற்றிப் பென்சிலைப் போட்டுக் காட்டாமல் அதை நடத்தினால் ஒன்றும் நிற்காது. கணக்கு சார் கரும்பலகையில் கோடு போட்டுக் காட்டியிருப்பார். எனக்கு இங்கே உட்கார முடியவில்லை.

வருகிற திங்கட்கிழமை வருகிறேன். உன்னிடம் அனுமதி கேட்கவில்லை, தகவல் சொல்கிறேன். ஜன்னல்கள் திறந்திருக்கின்றன, பிள்ளைகள் தள்ளித் தள்ளி உட்கார்கிறார்கள், ஆசிரியர்கள் கட்டுப்பாடாக இருக்கிறார்கள். நீயே எழுதியிருக்கிறாய். முகக்கவசம் இரண்டு போட்டுக்கொள்கிறேன். வகுப்பறையில் மட்டும்தான் நிற்பேன், மற்ற நேரம் ஆசிரியர் அறையில் என் நாற்காலியில் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

அக்காவிடம் சொன்னேன். அவள் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். கையை உதறிவிட்டு வந்து, "என் கிட்னிய எடுத்துக்கிட்டு நீ எங்க வேணா சுத்துவியா?" என்று கேட்டாள். கொடுத்த பிறகு அது என்னுடையது என்றேன். கோபித்துக்கொண்டு போய்ப் பாத்திரத்தை உருட்டினாள்.

நீயும் கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை. திங்கட்கிழமை முதல் பாடவேளையை ஒழித்து வை.


செப்டம்பர் 18

வர வேண்டாம்.

அக்காவிடம் போனில் சொல்லிவிட்டேன், வெளிக் கதவைப் பூட்டிவிடுங்கள் என்று. காரணத்தை மட்டும் நானே எழுதுகிறேன் என்றேன். உங்கள் ஊர்ப் பக்கம் வரும் ஒருவரிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

கணக்கு சாருக்குத் தொற்று. செவ்வாய்க்கிழமை லேசான காய்ச்சல் என்று வீட்டிலேயே இருந்துவிட்டார். வியாழக்கிழமை மூச்சு வாங்கியது. இப்போது மருத்துவமனையில் ஆக்ஸிஜன் வைத்திருக்கிறார்கள். டிராயிங் டீச்சருக்கும் விளையாட்டு ஆசிரியருக்கும் உறுதியாகிவிட்டது. சின்ன வகுப்பு டீச்சர்கள் இரண்டு பேருக்குக் காய்ச்சல், முடிவு நாளை தெரியும். எனக்கு இல்லை. அலுவலக அறையில் தனியாகவே இருப்பதால் தப்பித்தேன் போல.

பள்ளியை இன்று மூடிவிட்டேன். பிள்ளைகளை அனுப்பும்போது காரணம் சொல்ல வேண்டியிருந்தது. சொன்ன ஒரு மணி நேரத்துக்குள் பெற்றோர் சங்கத் தலைவரான மருந்துக் கடைக்காரர் வந்துவிட்டார். "அந்த ஆம்புலன்ஸ்காரர் பொண்ணாலதான் மேடம். அவர் தெனமும் நோயாளியத்தான ஏத்திட்டுப் போறாரு" என்றார். அவள் ஐந்தாம் வகுப்பு, கணக்கு சார் அந்த வகுப்புப் பக்கமே போவதில்லை என்று சொன்னேன். காதில் போட்டுக்கொள்ளவில்லை.

இந்த இரண்டு வாரமும் நீங்கள் இங்கே இருந்திருந்தால் என்று நினைக்கக்கூட முடியவில்லை. எழுத்து கோணலாக இருந்தால் மன்னியுங்கள்.


செப்டம்பர் 21

உன் கடிதம் கிடைத்தது. கதவு பூட்டியிருக்கிறது, சாவி அக்காவின் இடுப்பில் இருக்கிறது. நான் கேட்கவும் இல்லை.

கணக்கு சார் மனைவியிடம் பேசினேன். ஆக்ஸிஜன் அளவைக் கூட்டியிருக்கிறார்களாம். "அவரு உங்க கிளாஸ எடுக்கப் போகாம இருந்திருக்கலாம் சார்" என்று சொல்லிவிட்டு அழுதார். உடனே, தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள் என்றார். தப்பாக எடுத்துக்கொள்ள என்ன இருக்கிறது, அவர் சொன்னது உண்மை.

மூன்று நாளாக யோசிக்கிறேன். பிள்ளைகள் யாருக்கும் வந்ததாக நீ எழுதவில்லை. வந்தவர்கள் எல்லோரும் ஆசிரியர்கள். அதிலும் வெவ்வேறு வகுப்பு, வெவ்வேறு மாடி. கணக்கு சாரும் டிராயிங் டீச்சரும் நாள் முழுவதும் ஒருவரை ஒருவர் பார்ப்பதற்கே வாய்ப்பில்லை, ஓர் இடத்தைத் தவிர. எங்கே சாப்பிட்டார்கள்? எப்படிச் சாப்பிட்டார்கள்? போய்ப் பார்த்துவிட்டு எழுது. எனக்கு ஏதோ உறுத்துகிறது.


செப்டம்பர் 25

சாருக்கு,

போய்ப் பார்த்தேன். ஆசிரியர் அறையில் கொஞ்ச நேரம் உட்கார்ந்தே பார்த்தேன்.

நடந்தது இதுதான். பிள்ளைகள் கண் முன்னால் முகக்கவசத்தைக் கழற்றக் கூடாது என்று சுற்றறிக்கை அனுப்பினேன் அல்லவா? ஆனால் சாப்பிடும்போது கழற்றத்தானே வேண்டும்? ஆசிரியர் அறை ஜன்னல்கள் மைதானத்தைப் பார்த்திருக்கின்றன. பிள்ளைகள் பார்த்துவிடக் கூடாதே என்று மதிய மணி அடித்ததும் ஜன்னலைச் சாத்தி, திரையை இழுத்துவிட்டு, கதவையும் தாழிட்டுக்கொண்டு சாப்பிட்டிருக்கிறார்கள். தினமும். உடம்பு தேறிவரும் டிராயிங் டீச்சர் போனில் சொன்னார்: "ஒரு பிள்ள கூடப் பாக்கல டீச்சர், அவ்வளவு கவனமா இருந்தோம்." பெருமையாகச் சொன்னார். பள்ளி முழுவதும் ஜன்னலைக் கழற்றி எறிந்தோம், அந்த ஓர் அறையை மட்டும் டப்பா மாதிரி மூடிவிட்டோம். காலையெல்லாம் முகத்தை மூடியவர்கள் அங்கே போனதும் பாத்திரத்தைத் திறந்து, பேசி, சிரித்து, ஒருவர் சாப்பாட்டை ஒருவர் ருசி பார்த்திருக்கிறார்கள்.

கணக்கு சார் உங்கள் நாற்காலியில்தான் உட்கார்வாராம்.

கல்வி அதிகாரியிடம் உள்ளபடி சொன்னேன். "இத யார்கிட்டயும் சொல்லாதீங்க. கிருமிநாசினி தெளிக்கிற வேலைன்னு போர்டு மாட்டிடுங்க. வாத்தியார்கள்கிட்ட இருந்துதான் பரவிச்சுன்னு வெளிய போனா ஒரு பிள்ளையும் வராது, உங்க வேலையும் இருக்காது" என்றார். போர்டு மாட்டியாயிற்று.

ஆனால் அந்த ஐந்தாம் வகுப்புப் பெண்ணின் வீட்டின் மேல் யாரோ கல்லெறிந்திருக்கிறார்கள். தெருக் குழாயில் தண்ணீர் பிடிக்க விடுவதில்லை. அவளை நீக்கினால்தான் பள்ளியைத் திறக்க விடுவோம் என்று மருந்துக் கடைக்காரர் கையெழுத்து வாங்கிக்கொண்டிருக்கிறார். பரிசோதனையில் அவளுக்கு ஒன்றுமில்லை என்று வந்ததைக் காட்டினேன். "அதெல்லாம் மாத்திருவாங்க மேடம்" என்கிறார்.

உண்மையைச் சொன்னால் பள்ளி போய்விடும். சொல்லாவிட்டால் அந்தப் பிள்ளை போய்விடுவாள். என்ன செய்வது என்று தெரியவில்லை. முப்பது வருடமாக மற்றவர்களுக்கு வழி சொல்லிக்கொண்டிருந்தவள் உங்களைக் கேட்கிறேன்.


செப்டம்பர் 28

சொல்லிவிடு.

சுற்றறிக்கையில் இருந்தது என் வார்த்தை. அதையும் சேர்த்துச் சொல். "என் வீட்டுக்காரர் யோசனை சொன்னார், நான் உத்தரவு போட்டேன், இரண்டு பேரும் சாப்பாட்டை மறந்துவிட்டோம்" என்று சொல். நாம் வாத்தியார்கள், பிள்ளைகள் கண்ணில் படுவதைப் பற்றியே யோசித்துப் பழகிவிட்டோம். காற்றுக்கு அது தெரியுமா?

பள்ளி போய்விடும் என்று பயப்படுகிறாய். ஒரு பெண் பிள்ளையின் மேல் பழியைப் போட்டுத் திறக்கிற பள்ளியில் நான் என்ன பாடம் நடத்துவது?

வேலை போனால் போகட்டும் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. உன்னைத் தெரியும், அது போனால் நீ என்ன ஆவாய் என்பதும் தெரியும். ஆனாலும் சொல். உன் பக்கத்தில் வந்து நிற்க முடியவில்லையே என்றுதான் ஆத்திரமாக வருகிறது. அந்த மருந்துக் கடைக்காரர் குரலை உயர்த்தினால் நீயும் உயர்த்து. நான் இருப்பதாக நினைத்துக்கொள்.


அக்டோபர் 8

சாருக்கு,

சொல்லிவிட்டேன்.

பெற்றோர்களை மைதானத்துக்கு வரச் சொன்னேன், வட்டத்துக்கு ஒருவர். மைக் வேலை செய்யவில்லை, கத்தித்தான் பேச வேண்டியிருந்தது. பிள்ளைகள் கொண்டுவரவில்லை, நாங்கள்தான் பரப்பிக்கொண்டோம் என்று ஆரம்பித்தேன். ஆசிரியர் அறை, ஜன்னல், கதவு, சுற்றறிக்கை, எனக்கு எப்போது தெரிந்தது என்பது எல்லாவற்றையும் சொன்னேன். பிறகு எல்லோரும் ஒரே நேரத்தில் கத்தினார்கள். "உங்கள நம்பித்தான அனுப்பினோம்" என்று ஒரு தாய் சொன்னது இன்னும் காதில் கேட்கிறது. மருந்துக் கடைக்காரர் கையெழுத்துத் தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போய்விட்டார். மன்னிப்புக் கேட்கவில்லை.

கடைசி வட்டத்தில் ஆம்புலன்ஸ் டிரைவரின் மனைவி நின்றிருந்தார். எனக்கு நன்றி சொல்வார் என்று நினைத்தேன். சொல்லவில்லை. "போன மாசமே தெரிஞ்சிருக்கே, அப்பவே சொல்லியிருந்தா என்ன?" என்று கேட்டார். அடுத்து, "உங்க வீட்டுக்காரர ஏன் வரவிடல?" என்றார்.

உங்கள் கேள்வியேதான். எனக்குப் பயம், அவருக்கு வந்தால் பிழைக்க மாட்டார் என்று பயம், அதனால் கேட்காமலேயே அனுப்பிவிட்டேன் என்று அத்தனை பேர் முன்னால் சொன்னேன். அதற்குப் பிறகுதான் கூட்டம் வேறு மாதிரி பேச ஆரம்பித்தது. எங்கள் வீட்டில் அப்பாவுக்குப் புற்றுநோய் என்று ஒருவர். எனக்கு நுரையீரல் சரியில்லை, என் மகள் பள்ளிக்கு வந்தால் நான் என்ன ஆவேன் என்று ஒருவர். இவ்வளவு நாள் யாரும் வாய் திறக்கவில்லை. பயம் என்று சொன்னால் பிள்ளையின் பெயரை எடுத்துவிடுவோம் என்று நினைத்திருக்கிறார்கள்.

அதிகாரி என் மேல் விசாரணை என்று கடிதம் அனுப்பியிருக்கிறார். நடக்கட்டும். பள்ளியை இந்த மாதக் கடைசியில் திறக்கலாம் என்று எழுத்தில் அனுமதி வந்திருக்கிறது. ஆசிரியர்கள் இனி மைதானத்தில்தான் சாப்பிடுவார்கள், தள்ளித் தள்ளி, பிள்ளைகள் பார்க்கப் பார்க்க. ஒவ்வொரு வீட்டுக்கும் ஆள் அனுப்பிக் கேட்கிறோம். வர முடியாதவர்கள் வர வேண்டாம், பெயர் போகாது, பாடம் வீட்டுக்கு வரும்.

கணக்கு சார் வீட்டுக்கு வந்துவிட்டார். நான்கு படி ஏறினால் மூச்சு வாங்குகிறது. இந்த வருடம் வகுப்பெடுக்க முடியாது.

ஊரில் எல்லா வீட்டையும் கேட்கிறேன், உங்களைத் தவிர. இப்போது கேட்கிறேன். நடந்தது முழுவதும் உங்களுக்குத் தெரியும். வருகிறீர்களா? வருகிறேன் என்றால் தடுக்க மாட்டேன். அழுவேன், ஆனால் தடுக்க மாட்டேன்.


அக்டோபர் 13

என் பெரிய டீச்சருக்கு,

உன் கடிதம் வந்ததும் பெட்டியை எடுத்தேன். அக்கா வாசலை மறித்துக்கொண்டு நிற்பாள், ஒரு கை பார்க்கலாம் என்றிருந்தேன். கடிதத்தை வாங்கிப் படித்தாள். "அவளே கேட்டுட்டாளா? அப்ப நீயே முடிவு பண்ணு" என்று சாவியை மேசையில் வைத்துவிட்டுத் துணி காயப்போடப் போய்விட்டாள்.

தடுக்க ஆளில்லாமல் போனதும் சட்டையை மடித்தபடியே உட்கார்ந்துவிட்டேன். இத்தனை நாள் உன்னையும் அக்காவையும் திட்டிக்கொண்டிருந்ததில் என் மனதில் என்ன இருக்கிறது என்று நான் பார்க்கவே இல்லை. கணக்கு சாரிடம் போனில் பேசினேன். இரண்டு வார்த்தைக்கு ஒரு தடவை நின்று மூச்சு வாங்கிக்கொண்டார். நல்ல நுரையீரல், நல்ல சிறுநீரகம், தினமும் நடை போகிற மனிதர். அவருக்கே இப்படி.

நான் வரவில்லை. தடுப்பூசி வரும்வரை வரமாட்டேன். வீட்டிலிருந்து படிக்கிற பிள்ளைகளின் பெயர்களை அனுப்பு, அவர்களுக்கு இங்கிருந்து நான் பாடம் நடத்துகிறேன். எனக்குச் சாகப் பயமாக இருக்கிறது. உன்னைப் பார்க்காமல் சாக இன்னும் பயமாக இருக்கிறது.

ஒன்பதாம் வகுப்பில் கேட்பார்கள், பிசிக்ஸ் சார் ஏன் வரவில்லை என்று. உடம்பு சரியில்லை என்று சொல்லிச் சமாளிக்காதே. சாருக்குப் பயம் என்று சொல். சிரிப்பவர்கள் சிரிக்கட்டும். அந்த வகுப்பில் யாராவது ஒரு பிள்ளை வீட்டில் இருப்பவரை நினைத்துத் தினமும் பயந்துகொண்டே வந்து உட்கார்ந்திருக்கும், அது சிரிக்காது.